செவலைக்குப் பிடித்த தட்டு

"இந்தாங்க, அந்தத் தகரச் சத்தத்த நிப்பாட்டுதீங்களா, இல்ல செம்பத் தூக்கி அங்கன எறியட்டுமா? மாடு பால் இறக்க மாட்டேங்கு!"

தொழுவத்திலிருந்து வள்ளித்தாய் போட்ட சத்தத்தில் மாயகிருஷ்ணன் பதறி எழுந்து, சுழன்றுகொண்டிருந்த இசைத்தட்டின் மேலிருந்து முள்ளைத் தூக்கினார். சாக்ஸபோன் பாதி மூச்சில் நின்றது.

செவலை மாடு வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதை விற்ற இடைசெவல் மாடக்கண்ணு கொண்டுவந்து கட்டியபோது, வேளைக்கு மூன்று லிட்டர் கறக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இங்கே ஒன்றரையைத் தாண்டவில்லை. அதற்குக் காரணம் தேடி வள்ளித்தாய் வெளியே எங்கும் போகவில்லை. காரணம் வீட்டிலேயே, முன்னறையில், பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இந்த மாடு தேறலன்னா பாத்துக்கிடுங்க. ஒங்க பெட்டி அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குத்தான்."

"இரும்புக் கடையில இதெல்லாம் எடுக்க மாட்டாவ வள்ளி."

"சும்மா குடுத்தா எடுப்பாவ."

கோவில்பட்டியில் ஜாஸ் கேட்கிற ஆள் மாயகிருஷ்ணன் ஒருவர்தான். அவர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். இளவயதில் புது மெஷின் வேலை பழகிவர மில்லில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். தங்கியிருந்த லாட்ஜுக்கு எதிரே ஒரு ஓட்டலில் சாயங்காலம் தோறும் அதை வாசிப்பார்கள். முதல் நாள் கேட்டபோது அங்கே ஏதோ தகராறு என்றுதான் நினைத்தார். ஒருவன் ஊதினான். இன்னொருவன் குறுக்கே பேசினான். மூன்றாவது ஆள் கீழே உட்கார்ந்துகொண்டு இருவரையும் அதட்டினான். நாலாவது நாள்தான் விளங்கியது, சண்டை போடுகிற மூன்று பேரும் ஒருவர் சொல்வதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டே சண்டை போடுகிறார்கள் என்று. அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை.

அப்புறம் தபாலிலும் ரயில் பார்சலிலுமாக நூற்றுப்பதினாலு தட்டுகள் வந்து சேர்ந்தன. இந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் ஊர் உலகமெல்லாம் சி.டி.க்குத் தாவிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று அவர்கள் கழித்துவிடுகிற தட்டுகளையெல்லாம் மாயகிருஷ்ணன் கடிதம் எழுதி வரவழைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே பாட்டுக்கு எதுக்கு மூணு தட்டு?" என்று வள்ளித்தாய் ஒரு தடவை கேட்டாள்.

"மூணும் வேற வேற ஆளு வாசிச்சதுட்டி. ஒரே சாம்பார மூணு வீட்டுல வச்சா ஒரே ருசியாவா இருக்கும்?"

"அதுக்காவ மூணு வீட்டுச் சாம்பாரையும் வாங்கி பீரோவுலயா அடுக்குவாவ?"

மாயகிருஷ்ணன் பீரோவைச் சாத்திப் பூட்டினார். அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். கூட உட்கார்ந்து கேட்க ஆள் கிடையாது. மில் நண்பர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். காபி வருகிற வரை தலையாட்டினார்கள். காபி குடித்ததும் எல்லோருக்கும் ஏதோ ஜோலி ஞாபகம் வந்தது. ஒரு தட்டின் ஒரு பக்கம், இருபதே நிமிஷம், முழுசாக உட்கார்ந்து கேட்டவர் இந்த ஊரில் யாரும் இல்லை.

கறவை நேரத்தில் பாட்டு நின்றது. பால் ஏறவில்லை, இன்னும் குறைந்தது. மூன்றாம் நாள் ஒரு லிட்டர். நாலாம் நாள் செவலை செம்பை உதைத்துக் கவிழ்த்தது.

ஐந்தாம் நாள் காலையில் மாயகிருஷ்ணன் பழக்கதோஷத்தில் ஒரு தட்டைப் போட்டுவிட்டார். அது மெதுவான தட்டு. அட்டையில் சாக்ஸபோன்காரர் தொப்பி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்பார். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் தடை ஞாபகம் வந்தது. முள்ளைத் தூக்க ஓடினார். தொழுவத்திலிருந்து சத்தமே இல்லை. நீட்டிய கையோடு அப்படியே நின்றார். பக்கம் முடிந்தது. அப்புறமும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வள்ளித்தாய் நுரை ததும்பும் செம்போடு வந்தாள்.

"மூணு லிட்டரு," என்றாள், யாரையோ குற்றம் சாட்டுவதுபோல. "என்னத்தப் போட்டீங்க?"

"தெரியாமப் போட்டுட்டேன் வள்ளி."

"சாயங்காலமும் அதயே தெரியாமப் போடுங்க."

அன்றிலிருந்து ஒலிப்பெட்டி தொழுவத்து ஜன்னலுக்குப் போனது. முன்பெல்லாம் அடுப்பில் உலை கொதிக்கிறது என்று ஏழெட்டு நிமிஷத்தில் மடியைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடிவருகிற வள்ளித்தாய், இப்போது ஒரு பக்கம் முடிகிற வரை எழுந்திருக்கவில்லை. அவ்வளவு நேரம் மாடு சுரந்தது. அரைக்கண் மூடி, தாளம் தப்பாமல் அசைபோட்டது. மாயகிருஷ்ணன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

பூரிப்பு ஒரு மாதம்தான். தொப்பிக்காரர் தட்டை மாதத்துக்கு ஒரு தடவை, ஓரம் பிடித்துத் தூக்கி, வெல்வெட் துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறவர் அவர். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் முள் தட்டைக் கொஞ்சம் தின்கிறது என்பது அவருக்குத் தெரியும். இப்போது தினம் இரண்டு வேளை. ஐப்பசி வாக்கில் சாக்ஸபோன் மூச்சு விடுகிற இடத்தில் கடுகு தாளிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

தட்டைக் காப்பாற்ற, நல்ல கேசட்டாக வாங்கி அதில் பதிவு செய்தார். யாரிடமும் சொல்லாமல் மறுநாள் காலை அதை ஓடவிட்டார்.

வள்ளித்தாய் பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டாள். ஒன்றரை லிட்டர்.

"மாடு கண்டுபிடிச்சிட்டு," என்றாள்.

"என்னத்த?"

"இது அது இல்லன்னு. அந்த ஆளு நம்ம பக்கத்துல நின்னு ஊதுவாருல்லா? இன்னைக்கு அடுத்த தெருவுல நின்னு ஊதுதாப்புல இருக்காம்."

மாயகிருஷ்ணனுக்குப் புல்லரித்துவிட்டது. கேசட்டில் உயிர் இல்லை என்று பத்து வருஷமாக மில்லில் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தருக்கும் விளங்கவில்லை. பருத்திக்கொட்டை தின்கிற மாட்டுக்கு ஒரே வேளையில் விளங்கிவிட்டது!

ஒரே தட்டைத் தேய்க்காமல் மாற்றி மாற்றிப் போடலாம் என்று அடுத்ததாக யோசித்தார். டிரம்பெட்டைப் போட்ட அன்று செம்பு கவிழ்ந்தது. நீளமாக டிரம்ஸ் அடிக்கிற தட்டைப் போட்ட அன்று வள்ளித்தாய் சேலை முழுக்கப் பாலோடு வந்து நின்றாள்.

"மண்டைய இடிக்காம். இனிமே இதப் போட்டா நாளப்பின்ன கட்டுத்தறிக்கே வராதாம்."

"பியானோ?"

"பரவால்லையாம். மழை நாளைக்குத்தான் சரிப்படுமாம்."

பெட்டியின் அடியில் ஒரு தட்டு கிடந்தது. அட்டையில் கண்ணாடி போட்ட ஆள். வேறு தட்டுகளோடு கொசுறாக வந்தது. இரண்டாந்தரம் என்று ஒதுக்கி வைத்திருந்தார். வேறு வழியில்லாமல் அதைப் போட்டார். மூன்றேகால் லிட்டர்!

அந்த ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்காரரைத் தனியாகக் கேட்டார். இரண்டாவது பாட்டில், ஊதுகிறவர் ஓய்கிற இடத்தில், பேஸ் வாத்தியத்தின் கனத்த கம்பியை மீட்டுகிறவர் நாலே நாலு சுரத்தில் தனியாக நடந்துபோகிறார். இத்தனை வருஷம் அதை அவர் கவனித்ததே இல்லை. மாட்டுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று கூசிப்போனார்.

அதற்கப்புறம் தினமும் காலைப் பலகாரத்தின்போது, "செவலை என்ன சொல்லுது?" என்று கேட்பார். வள்ளித்தாய் விவரமாகச் சொல்லுவாள். எந்த இடத்தில் காதை ஆட்டியது, எந்த இடத்தில் பெருமூச்சு விட்டது, எதை இன்னொரு தடவை போட்டால் தேவலை என்கிறது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் இருவரும் இவ்வளவு பேசியதே கிடையாது. மாயகிருஷ்ணன் மில்லுக்குப் பிந்திப் போக ஆரம்பித்தார்.

பால் எடுக்க வருகிற வேல்ராஜ் இதை நாலு தெருவில் சொல்லிவிட்டான். பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் தன் எருமையைக் கொண்டுவந்து சுவரோரமாகக் கட்டிப் பார்த்தாள். எருமை சுவரில் முதுகைச் சொறிந்ததோடு சரி. எருமைக்கு அவ்வளவு ஞானம் பத்தாது என்று மாயகிருஷ்ணன் சொல்ல, பெத்தம்மாள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

தை பிறந்த கையோடு, பால்பண்ணை வைத்திருக்கும் சண்முகராஜ் செவலையை விலைக்குக் கேட்டு வந்தார். மாட்டை அறிந்தவர் என்று மாடக்கண்ணுவையும் கூட்டி வந்திருந்தார். கண்ணாடிக்காரர் வாசிக்க, எல்லோர் கண் முன்னாலும் செவலை மூன்றேகால் லிட்டர் கறந்தது. சண்முகராஜ் வாயைப் பிளந்தார். அவர் சொன்ன விலையில் முன்னறைக் கூரை ஓடுகளையே மாற்றிவிடலாம். ஓடு மாற்ற வேண்டும் என்பது வள்ளித்தாயின் பல வருஷத்து ஆசை.

"ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி," என்றார் சண்முகராஜ். "மாட்டோட தட்டயும் சேத்துக் குடுத்துரணும்."

"தாராளமா. படப்புல இருந்து ரெண்டு கட்டு உருவிக்கோங்க."

"சோளத்தட்டயச் சொல்லல அண்ணாச்சி. பாட்டுத் தட்டு."

மாயகிருஷ்ணனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கீறியது. தொப்பிக்காரர், கண்ணாடிக்காரர் இருவரையும் நினைத்தார். மழை ஒழுகும்போது முன்னறையில் வள்ளித்தாய் வைக்கிற ஏழு சட்டிகளையும் நினைத்தார். "சரி. எடுத்துக்கோங்க," என்றார்.

"தட்டு கிடையாது!"

எல்லோரும் திரும்பினார்கள். வள்ளித்தாய் ஜன்னலுக்கு முன்னால் போய் மறித்து நின்றிருந்தாள்.

"மாடு வேணும்னா அவுத்துக்கிட்டுப் போங்க. தட்டத் தொடப்படாது."

மாயகிருஷ்ணன் உருகிப்போனார். தன் ஆசைக்காகப் புது ஓடே வேண்டாம் என்கிறாளே! "வள்ளி, எனக்காகப் பாக்காத. சட்டி வச்சு மாளலைன்னு நீதான சொல்லுவ?"

"ஒங்களுக்காக யாரு பாத்தா?" என்று அவள் சீறினாள். அதுவும் பிரியத்தை மறைக்கிற சீற்றமாகவே அவருக்குப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சண்முகராஜுக்குப் பொறுமை போய்விட்டது. "தட்டு இல்லாம இந்த மாட்டக் கொண்டுபோயி நான் என்ன செய்யட்டும்? வே மாடக்கண்ணு, நீரு சொல்லும். இது பாட்டுக் கேட்டாத்தான கறக்கு?"

மாடக்கண்ணு இவ்வளவு நேரமும் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். வள்ளித்தாய் அவரைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை அசைத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் வாயைத் திறந்ததும் வள்ளித்தாய் சட்டென்று சாணிக்கூடையை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள்.

"மாயகிருஷ்ணன் அண்ணாச்சி, ஒங்களுக்கு விக்கும்போதே சொல்லியிருக்கணும், மறைச்சது என் தப்புதான்," என்றார் மாடக்கண்ணு. "இது பிறந்ததுல இருந்தே ரெண்டு காதும் கேக்காத மாடு."