நாற்பத்தெட்டு நாள் கோல்ஃப் விரதம்

அறுபத்து நான்கு வயதுவரை எனக்கு ஒரு நோய் இருந்தது. அதை நற்குணம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நான் நல்ல மாணவன். கற்பிப்பவர் வாயிலிருந்து வருவதை வந்தபடியே இரு கையாலும் ஏந்திக்கொள்வேன்; 'ஏன்' என்ற சொல் என் நாவில் ஏறியதே இல்லை. கோயிலில் எனக்குப் பதிகம் பயிற்றுவித்த ஓதுவார், இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவே ஒருமுறை மூக்கை உறிஞ்சுவார். அவருக்கு நாட்பட்ட சளி. நானும் அதே இடத்தில், அதே சுருதியில் உறிஞ்சிப் பாடிவந்தேன். (இருபது வருஷம்! ஒரு மனுஷன் சொல்லலியே!) இப்படிப்பட்ட ஒருவன் கோல்ஃப் கற்கப் போனால் என்ன ஆகும் என்பதை, மானத்தைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

தீப்பெட்டி ஆலையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டுக் கோவில்பட்டியில் காலை மாலை சந்நிதியில் நின்று பாடிக்கொண்டிருந்தவனுக்குக் கோல்ஃப் எதற்கு? என் மகள் உமாவுக்காக. அவள் கோயம்புத்தூரில் தன்னோடு பணியாற்றிய அரவிந்த் என்ற பிள்ளையை மணக்க விரும்பினாள். எங்களுக்குச் சம்மதம். பிள்ளையின் தகப்பனார் ராஜசேகரன் மட்டும் வாய் திறக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

“ஒருத்தரைத் தெரிஞ்சுக்கணும்னா எனக்கு ஒரு ஆட்டம் போதுமுங்க. கோல்ஃப் மைதானத்துல மனுசன் யாருன்னு வெளிய வந்துரும். நீங்க ஆடுவீங்களா?”

இறைவன் முன்னிலையில் பொய்யுரைக்க அஞ்சுபவன் நான். தொலைபேசியில் அந்த அச்சம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“சுமாராக ஆடுவேன்” என்றேன்.

“ரொம்ப நல்லதாப் போச்சுங்க. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. ஆடிட்டு, கல்யாணப் பேச்சைப் பேசுவோம்.”

கைபேசியை வைத்ததும் என் மனைவி செண்பகம் கேட்டாள்: “என்னத்தை ஆடுவிய?”

“கோல்ஃப்.”

“பம்பரம் விடக்கூடத் தெரியாதுன்னு உங்க அம்மையே சொல்லியிருக்காவ. எம் மகளுக்கு வாழ்க்கை அமையுமா அமையாதான்னு நீங்க பந்தடிச்சா பாக்கப்போறாவ? வெளங்கும்.”

குருவைத் தேடினேன். பசுவந்தனைப் பக்கத்துக் கிராமத்தில் மாரிச்சாமி என்பவர் இருப்பதாகத் தெரிந்தது. வயது முப்பத்திரண்டு. பெங்களூரில் கோல்ஃப் மைதானம் ஒன்றில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கச் சேர்ந்து, பத்தாண்டுகளில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தவர். இப்போது ஊர் திரும்பி உளுந்தும் பருத்தியும் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் திரும்பினார் என்று நான் கேட்கவில்லை. (கேட்டிருந்தா இந்தக் கட்டுரையே கிடையாது.)

“ரெண்டு மாசத்துல மட்டை பந்து மேல படும் அண்ணாச்சி. அதுக்கு மேல நான் சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார்.

எனக்கு அது போதுமானதாயிருந்தது. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், விரதம் பூண்டேன். நல்ல நாள் பார்த்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் தேங்காயும் பழமும் வைத்து, உளுந்து எடுத்த அவருடைய தரிசில் போய் நின்றேன். என் வயதில் பாதியே ஆன அந்த மனிதரின் காலில் விழக் குனிந்தேன். அவர் இரண்டு பாத்திக்கு அப்பால் ஓடிப்போய் நின்றார்.

“அண்ணாச்சி, ஊர்ல பாத்தா என்னைச் சாத்திப்புடுவாவ. எந்திரிங்க!”

கற்கும் நிலத்தில் காலணி ஆகாது என்று செருப்பையும் கழற்றிவிட்டேன். கருவேல முள் அந்தப் பக்தியைச் சற்றும் மதிக்கவில்லை. மூன்றாம் நாள் பழைய கான்வாஸ் ஷூவுக்கு மாறினேன். அதையும் தண்ணீர் தெளித்துத் துடைத்த பிறகே அணிந்தேன்.

முதற்பாடத்தில் குரு சொன்னார்: “நான் செய்யதைப் பாருங்க. அப்படியே செய்ங்க.”

இதைவிடப் பொருத்தமான உபதேசம் எனக்குக் கிடைத்திருக்க முடியாது. பார்த்தேன். பந்தின் அருகே நின்றவர் முதலில் வானத்தை ஏறிட்டு நோக்கினார். அடுத்து வலது முழங்காலை இருமுறை தட்டினார். பல்லைக் கடித்து, 'ஸ்ஸ்… ஆ' என்று ஒலி எழுப்பினார். இடது குதிகாலைத் தரையில் ஒருமுறை தேய்த்தார். அதன் பின்னரே மட்டையை வீசினார். பந்து நீலவானில் சிறு வெண்புள்ளியாகி, தொலைவில் பருத்திக் காட்டருகே இறங்கியது. அவர் சற்றே சாய்ந்து சாய்ந்து நாலடி முன்சென்று, குனிந்து நிலத்தை உற்று நோக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் குறிப்பேட்டில் எழுதினேன்: வானோக்கு, முழந்தாள் தட்டு, பல்லொலி, குதிகால் தேய்ப்பு, வீச்சு, சாய்நடை, நிலநோக்கு. ஏழு அங்கங்கள்! ஏழின் மகிமையை எண்ணி மெய்சிலிர்த்தேன். ஏழையும் ஒரு பண்ணில் அமைத்து, குளிக்கும்போதும் கோயிலுக்கு நடக்கும்போதும் பாடி மனத்தில் இருத்தினேன். மட்டையை எப்படிப் பிடிப்பது, தோளை எவ்வளவு திருப்புவது என்று குரு சொன்னவையெல்லாம் 'வீச்சு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போயின.

கோடை ஏற ஏறக் கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. நான் அடித்த பந்துகள் பறக்கவில்லை. உருண்டுபோய் வெடிப்புக்குள் விழுந்தன. விழுந்தது விழுந்ததுதான், தோளளவு கைவிட்டாலும் அகப்படாது. அங்கே ஆடு மேய்க்கும் பேச்சியம்மாளுக்கு என் பயிற்சி தினப்படிப் பொழுதுபோக்காயிற்று.

“ஏ அண்ணாச்சி! பாம்பையா அடிக்கிய?”

“பந்து ஆச்சி, பந்து.”

“அதையும் கரிசல் முழுங்கிட்டா? கவலைப்படாதிய. ஐப்பசி மழைக்கு முளைச்சு வரும். அறுக்க ஆள் வேணும்னா சொல்லுங்க!”

மாரிச்சாமி அவ்வப்போது வாய்விட்டே கேட்பார்: “ஏதாச்சும் கேளுங்க அண்ணாச்சி. ஒரு சந்தேகம்கூடவா வரலை?”

“குருவின் வாக்கில் சந்தேகமா? சிவ சிவ!” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். ஒருநாள் அவர் ஒரு தைலக் குப்பியை என் கையில் வைத்து, “முட்டுல தேய்ச்சுக்கோங்க” என்றார். பிரசாதமாகக் கண்ணில் ஒற்றி, வாங்கித் தேய்த்துக்கொண்டேன். குறிப்பேட்டில் எட்டாம் அங்கமாகச் சேர்த்தேன்: தைலக்காப்பு. பணிவு என்று நான் பெயரிட்டு வழிபட்டதெல்லாம் யோசிக்கச் சோம்பல்படும் புத்தி என்பது அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

குறித்த நாளில் ரயிலேறிக் கோயம்புத்தூர் சேர்ந்தேன். முழங்காலில் தைலம் மணக்க மைதானத்தில் இறங்கினேன். கம்பளம் விரித்தாற்போன்ற பச்சைப் புல். ராஜசேகரன் வெள்ளைத் தொப்பியும் கையுறையுமாக நின்றார். சற்றுத் தள்ளி, தானும் ஆட மட்டையோடு அரவிந்த். அவனருகில் உமா, நகத்தைக் கடித்தபடி.

அவர் முதலில் அடித்தார். அலட்டல் இல்லாத அழகான அடி. அடுத்து என் முறை.

வானத்தை நோக்கினேன். அவரும் நோக்கினார், அங்கே ஒன்றும் இல்லை. முழங்காலை இருமுறை தட்டினேன். 'ஸ்ஸ்… ஆ' என்றேன். குதிகாலைத் தேய்த்தேன், அந்தப் புல்லில் ஒரு கீறல் விழுந்தது. வீசினேன். பந்து எட்டடி போய்ச் சாவகாசமாக நின்றது. சாய்ந்து சாய்ந்து நாலடி நடந்து, குனிந்து, வெடிப்பே இல்லாத அந்தப் பசும்புல்லை உற்று நோக்கினேன்.

“முழங்கால்ல ஏதாச்சுங்களா?” என்றார் ராஜசேகரன்.

“இல்லை. எங்கள் பயிற்சி முறை” என்றேன் பெருமிதத்தோடு.

இரண்டாம் அடிக்கும் அதே ஏழு அங்கங்கள். மூன்றாம் அடிக்கும் அவையே. அவர் முகம் படிப்படியாக இறுகிவந்தது. அப்போதுதான் விபரீதம் நேர்ந்தது. தன் முறை வந்ததும் அரவிந்த் பந்தருகே நின்று, வானத்தைப் பார்த்துவிட்டு, வலது முழங்காலை இருமுறை தட்டினான்.

“டேய், நீ எதுக்குடா தட்டறே?”

“மாமா தட்டினாருப்பா. ஏதோ டெக்னிக்குன்னு…”

ராஜசேகரன் மட்டையைப் பையில் செருகினார். “உங்களுக்குச் சொல்லிக்குடுத்தவர் நம்பரைக் குடுங்க” என்று வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டு விவரம் கேட்டார்.

“ஐயையோ!” என்றது மாரிச்சாமியின் குரல். “எனக்கு முட்டுல ஜவ்வு கிழிஞ்சிருக்கு சார். அதனாலதான் பெங்களூரை விட்டே வந்தேன். வலி தாங்காமத் தட்டுவேன். அண்ணாச்சி எதுக்குத் தட்டுதாவ?”

“வானத்தைப் பார்க்கிறாரே?”

“அப்போ களத்துல உளுந்து காஞ்சிட்டு இருந்துச்சு சார். மழை வந்துருமோன்னு பாப்பேன்.”

“குதிகால்?”

“செருப்புல கரிசல் அப்பும் சார். முள்ளு கிடக்கான்னுதான் குனிஞ்சும் பாப்பேன். அண்ணாச்சிக்கும் வயசாச்சே, முட்டுவலி இருக்கும் போலன்னு தைலங்கூட வாங்கிக் குடுத்தேன். இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லலியே!”

அந்தப் புல்வெளியில் என்னை விழுங்க ஒரு வெடிப்புகூட இல்லை.

ராஜசேகரன் சிரிக்கவில்லை. “எப்ப இருந்து கத்துக்கறீங்க?”

“நாற்பத்தெட்டு நாளாக.”

“சுமாரா ஆடுவேன்னீங்களே. அது பொய். சரி, போகட்டும். நாப்பத்தெட்டு நாளும் ஏன்னு ஒருக்காகூடக் கேக்கலீங்களா? உங்க வீட்டுப் பொண்ணும் இப்படித்தான் இருக்குமுன்னா, நான் யோசிக்க வேண்டியிருக்குங்க.”

என் பொய், என் பணிவு, இரண்டும் சேர்ந்து மகளின் திருமணத்தைக் கவிழ்த்துவிட்டன என்றே எண்ணினேன். உமா முன்னால் வந்தாள்.

“அங்கிள், நான் கேள்வி கேக்குற ஆளு. இப்பவே கேக்குதேன். கல்யாணம் பேசுறதுக்கு எங்க அப்பா எதுக்குக் கோல்ஃப் ஆடணும்?”

“எங்க பெரிய மேனேஜர் அப்படித்தாம்மா செய்வாரு. யாரை வேலைக்கு எடுக்கறதா இருந்தாலும் முதல்ல ஒரு ஆட்டம்.”

“அவர் ஏன் அப்படிச் செஞ்சார்?”

ராஜசேகரன் வாயைத் திறந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு சொன்னார்:

“கேட்டதில்லையம்மா.”

முதலில் உமா சிரித்தாள். ஒலிபெருக்கி வழியே மாரிச்சாமி சிரித்தார். பிறகு நாங்கள் இரு கிழவர்களும். மீதி ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு நிழலில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி திருமணப் பேச்சை முடித்தோம். ஆவணியில் முகூர்த்தம். மாரிச்சாமி குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்தார்.

இது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இவ்வாண்டு தை பிறந்ததிலிருந்து எனக்கு வலது முழங்காலில் மெய்யாகவே வலி. சந்நிதிப் படியேற முடியவில்லை. ஒருவர்கூட நம்புவதில்லை. நேற்றுக் காலை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முனகினேன். செண்பகம் பதறவில்லை. நிதானமாகக் கைபேசியை எடுத்துச் சம்பந்தியை அழைத்தாள்.

“அண்ணாச்சி, இவிய முட்டு வலிக்குன்னு நிக்காவ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா வேண்டாமா?”

கோயம்புத்தூரிலிருந்து ராஜசேகரன் மிகுந்த அக்கறையோடு கேட்டார்:

“எத்தனை தடவை தட்டினாருங்க? ரெண்டுன்னா பயிற்சி. மூணுன்னாத்தான் வலி.”

மூன்றாம் முறை தட்டிக் காட்டிய பிறகே ஆட்டோ வந்தது.