கடைசி பெஞ்சுப் பெண்

கடைசி பெஞ்சில் இருந்த பெண் இன்றைக்கும் பேனாவைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு கரும்பலகையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

நசிமியு டீச்சர் சாக்கட்டியைக் கீழே வைத்தாள். எல்கான் மலையடிவாரத்தில் இருந்த இந்தப் பெண்கள் விடுதிப் பள்ளிக்கு அவள் வந்ததே இந்தப் பருவத்தில்தான். ஆசிரியர் குடியிருப்பில் தனிக்கட்டையாகக் குடியேறிய மறுநாளே தலைமையாசிரியை பராசா அம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "பிள்ளைங்களோட மன உளைச்சலைக் கண்டுபிடிச்சு சரி பண்றது உன் பொறுப்பு. அதுல நீ தேறினாத்தான் வேலை நிரந்தரம்."

ககமேகா நகரில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் அறிகுறிகளை அவள் நெட்டுருப் போட்டிருந்தாள். சாப்பாடு இறங்காது, கை சில்லிட்டுப் போகும், கூட்டத்தில் சேராது. எல்லாமே இந்தப் பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தின. மாதிரித் தேர்வோ அடுத்த வாரம்.

பக்கத்தில் போய்க் குனிந்தாள். "என்னம்மா பிரச்சினை? என்கிட்ட சொல்லு."

பெண் திரும்பவில்லை. "பரீட்சை இன்னும் முடியல," என்றாள். எங்கோ ஆழத்தில் இருந்து வந்தது குரல்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே தங்கம்!" நசிமியு அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். மலையருவிக்குள் கையை விட்டதுபோல விரல் நுனி மரத்துப்போனது.

வருகை எடுப்பவள் வகுப்புத் தலைவி செலிமோ. அவளை வராந்தாவில் பிடித்தாள்.

"அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணு பேரென்ன?"

செலிமோ விழித்தாள். "எங்களையா மேடம் கேக்கறீங்க?"

"பின்ன, சுவரையா கேக்கறேன்?"

"நீங்களே அவகிட்ட கேட்டுக்கோங்க மேடம்," என்று சொல்லிவிட்டு அவள் நடையும் ஓட்டமுமாகப் போய்விட்டாள்.

நசிமியுவுக்குக் கோபம் வந்தது. விஷயம் புரிந்துவிட்டது. ஒரு பெண்ணைப் பேர்கூடக் கேட்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்! பரீட்சை பயத்தோடு இதுவும் சேர்ந்தால் அந்தக் குழந்தை என்னத்துக்கு ஆகும்?

வகுப்பிலேயே பெரிய வாயாடி நெகோயே. அவளை எழுப்பினாள். "நீ இனிமே கடைசி பெஞ்சுல, அவ பக்கத்துல."

"நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?"

"தப்பு இல்லடி, நட்பு!"

நெகோயே பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டபடி உட்கார்ந்தாள். மணி அடித்தபோது அவள் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. மறுநாள் சாப்பாட்டில் உகாலிக் களி உருண்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கை சில்லிட்டிருந்தது. வாயாடியின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

'அடக் கடவுளே, தொத்திக்குதே!' என்று நசிமியு பதறினாள். சேர்ந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. மதியம் அந்தப் பெண்ணை நடுவில் உட்காரவைத்து, வகுப்பையே சுற்றி உட்காரச் சொன்னாள்.

"சிரிச்சுப் பேசிக்கிட்டே சாப்பிடுங்க பாப்போம்!"

"ஹி," என்றாள் ஒருத்தி. அதோடு சரி.

மக்காச்சோளமும் பீன்ஸும் வெந்த கிதேரி தட்டு தட்டாக ஆறிப்போனது. "என் சமையல்ல அப்படி என்னடி குத்தம்?" என்று கரண்டியோடு பாய்ந்து வந்த சமையல்காரம்மா, மேஜையின் நடுவே ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் முதுகைக் காட்டாமல், வந்த வழியே பின்னால் பின்னால் நடந்து அடுக்களைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அன்று மாலைக்குள் பாதி வகுப்பு தலைவலி என்று மருத்துவ அறையில் படுத்துவிட்டது.

நசிமியு விடுவதாக இல்லை. மிச்சமிருந்தவர்களை மறுநாள் காலை விளையாட்டு மைதானத்தில் வட்டமாக நிறுத்தினாள். வெயில் சுள்ளென்று அடித்தது.

"எல்லாரும் கையைக் கோத்துக்கோங்க. கண்ணை மூடுங்க. மூச்சை இழுத்து விடுங்க. பக்கத்துல இருக்கறவ கையோட கதகதப்பை அனுபவிங்க."

"எனக்கு வரல மேடம்," என்றது நெகோயேயின் குரல்.

"பொறுமையா அனுபவி."

"வரவே வரல மேடம்!"

அடுத்த நொடி அவள் வீறிட்டாள். வட்டம் சிதறியது. ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். ஒருத்தியின் செருப்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. மைதானத்தின் நடுவே அந்தப் பெண் மட்டும், இல்லாத இரண்டு கைகளைப் பிடித்திருப்பதுபோல் தன் கைகளை விரித்தபடி, கண்ணை மூடி, சொன்னபடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்த மூச்சை விட்டதாகத் தெரியவில்லை.

அலறல் கேட்டுப் பராசா அம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்ன நசிமியு இது? உளைச்சலைக் கொறைன்னு சொன்னா உற்பத்தி பண்ணிக்கிட்டிருக்கியா? பரீட்சை எழுத ஒருத்தியாவது மிஞ்சுவாளா?"

"காரணம் பரீட்சை இல்ல அம்மா." நசிமியு மைதானத்தின் நடுவே கை காட்டினாள். "பாவம், ஒரு பொண்ணை ஊரே சேர்ந்து ஒதுக்கி வெச்சிருக்கு. நான் ஒருத்திதான் அவகிட்ட பேசறேன். அவ சரியானா எல்லாரும் சரியாயிடுவாங்க."

பராசா அம்மா கண்ணைச் சுருக்கி மைதானத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தவருக்கு ஏனோ மேலே விசாரிக்கத் தோன்றவில்லை. சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டார்.

"சரி சரி, வீட்டுக்கு அனுப்பு. கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும். ஏய் செலிமோ! தூணுக்குப் பின்னால என்ன பண்றே? அவ கட்டில் எதுன்னு காட்டு, பெட்டியைக் கட்டணும்."

செலிமோ தூணை விட்டு வெளியே வரவில்லை. தலையை மட்டும் நீட்டினாள்.

"அவளுக்கு விடுதில ஏது மேடம் கட்டில்? நசிமியு மேடத்தோட சொந்தக்காரப் பொண்ணாச்சேன்னுதான் நாங்க பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்துக்கிட்டோம். மேடம் மட்டாட்டு வேன்லேர்ந்து இறங்கின அன்னிக்கு அவங்க பின்னாலயே இறங்கினவ, தினமும் சாயங்காலம் அவங்க பின்னாலயேதானே அவங்க வீட்டுக்குள்ள போறா?"