கவனம் அக்காவும் மிதக்கும் பென்ட்ரைவும்

பயத்தைக் கோப்பில் போட்டு, இலக்கமிட்டு, அலுமாரியில் அடுக்கி வைத்திருந்த ஒரே மனிதப்பிறவி, எனக்குத் தெரிந்து, கவனம் அக்காதான். நாமெல்லாம் கண்டபடி பயப்படுகிறோம். அவர் ஒழுங்குமுறைப்படி பயந்தார்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றில், ஒரு சின்ன அரச அலுவலகத்தின் பதிவறைக்குப் பொறுப்பாக இருந்தவர். தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வள்ளத்திலேயே போய் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்தது. வாசலில் கால் வைத்தால் "கவனம் பிள்ளை, வழுக்கும்" என்பார். தேத்தண்ணி கொடுத்தால் "கவனம், சுடும்." ஒருநாள் எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று சொன்னேன். அதற்கும் "கவனம்" தான். அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி.

பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றுவதற்காக என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். லப்டொப்பை மேசையில் வைத்ததும் அக்கா நாலடி தள்ளி நின்று பார்த்தார்.

"இது செத்துப்போச்செண்டா இதின்ரை மரணப்பதிவை எதிலை எழுதுறது?"

"சாகாது அக்கா. வைரஸ் வந்தாத்தான் கொஞ்சம் கஷ்டம்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் லப்டொப்பின் மேல் ஒரு கொத்து வேப்பிலை கிடந்தது.

கறையானுக்குப் பயம், உப்புக் காற்றுக்குப் பயம், இடிக்குப் பயம். எல்லாவற்றுக்கும் மேலே ஆடு. முன்னொரு நாள் யன்னலால் தலையை நீட்டிய ஆடு ஒன்று, ஆதனவரிப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைச் சாப்பிட்டுவிட்டது. வேறொருவர் என்றால் மூடி மறைத்திருப்பார். அக்கா அந்த இடத்தில் "இப்பக்கம் ஆட்டினால் உட்கொள்ளப்பட்டது" என்று சிவப்பு மையால் எழுதி, ஆட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கையெழுத்தும் வாங்கினார். கணக்காய்வுக்கு வந்தவர் அதை வாசித்துவிட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாராம்.

"எதுக்கும் ரெண்டாவது கொப்பி வேணும் பிள்ளை" என்பது அவருடைய வேதவாக்கு. அதில் மட்டும் நான் சிரிக்கவில்லை. போரில் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் அந்த அலுவலகத்தின் கடுதாசி முழுவதும் அப்படியே விடப்பட்டு அழிந்தது. திரும்பி வந்த சனம், தாங்கள் பிறந்தவர்கள்தான் என்று நிரூபிக்க வரிசையில் நின்றது. அந்த வரிசையில் அக்காவும் நின்றவர்.

ஆகவே பென்ட்ரைவில் இரண்டாவது கொப்பி எடுத்தோம். அது கடலில் விழுந்தால்? அக்கா அதைப் பொலித்தீனில் சுற்றி, பால்மா ரின்னில் போட்டு இறுக மூடி, ரின்னோடு ஒரு செம்மஞ்சள் மிதப்பைக் கட்டினார். மீன் வலையில் கட்டுவார்களே, அதே மிதப்பு. தம்பியாரின் வலையிலிருந்து வெட்டியது. தம்பியார் அக்காவோடு சில நாள் கதைக்கவில்லை.

பிறகு வந்தது பெரிய சட்டம். தீவில் சில குடும்பங்கள் எல்லோரும் ஒரே வள்ளத்தில் போகமாட்டார்கள். தாய் ஒன்றில், தகப்பன் ஒன்றில். ஒன்று தாண்டு மூழ்கினாலும் பிள்ளைகளுக்கு ஒருவர் மிஞ்சுவார். அக்கா இந்த வழக்கத்தைக் கணினிக்கும் கொண்டுவந்தார். பென்ட்ரைவும், பாஸ்வேர்ட் தெரிந்த ஆளும் ஒரே வள்ளத்தில் ஏறக்கூடாது. பாஸ்வேர்ட் தெரிந்த ஆள் நான். மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமாக அதை வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

"நீங்களும் தெரிஞ்சு வைச்சிருங்கோவன் அக்கா."

"ஐயோ வேண்டாம்! நான் நித்திரையிலை புலம்புறனான்."

அந்த மாரியில்தான் லப்டொப்போடு தீவு முழுக்க வீடு வீடாகத் திரிந்து ஒரு புதுப் பட்டியல் எடுத்தேன்: நடக்க முடியாதவர்கள், தனியே இருப்பவர்கள், பிள்ளைப்பேறு நெருங்கியவர்கள், யார் எந்தக் கொட்டிலில் என்று. பழைய பட்டியலில் இருந்தவர்களில் பாதிப்பேர் காலமாகியிருந்தார்கள். மிச்சப்பேர் வீடு மாறியிருந்தார்கள். பட்டியலை அச்சடிக்கும் நேரம் பார்த்து பிரிண்டரில் மை முடிந்தது. மை வாங்க நான் பட்டணம் போனேன். லப்டொப்பும் பென்ட்ரைவும் அக்காவோடு தீவில் நின்றன. இரண்டையும் திறக்கும் பாஸ்வேர்ட் என் தலைக்குள்.

மதியம் சூறாவளி எச்சரிக்கை வந்தது. இயலாதவர்களை எல்லாம் பொழுதுபட முதல் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு. தீவின் விதானையார், அதுதான் கிராம அலுவலர், வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருக்கு இன்னும் சந்தியே பிடிபடவில்லை. தீவுக்கு வள்ளம் எடுக்கும் குறிகட்டுவான் துறையில் நின்று நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, பாஸ்வேர்டைச் சொல்லுறன், எழுதுங்கோ!"

"போனிலை சொல்லாதையும்! ஆரும் கேட்பினம்!"

"அக்கா, மேற்குக் கரையிலை ஆறுமுகத்தார் கட்டிலோடை கிடக்கிறார். தனிய."

மறுபக்கம் யன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, தாழ்ந்த குரலில், "சரி... சொல்லும்."

அத்தோடு தொடர்பு அறுந்தது. பிறகு வரவேயில்லை.

கடல் கறுத்திருந்தது. "இதுதான் கடைசி வள்ளம். ஏறுறதெண்டா ஏறுங்கோ" என்றார் ஓட்டி. ஆறுமுகத்தார் புதிதாகக் குடிபோன கொட்டில் எனக்கு மட்டுமே தெரியும். சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில். பட்டியல் எடுக்கப் போனபோது "பேர் எழுதினா என்ன கிடைக்கும் பிள்ளை?" என்று கேட்டவர். ஏறிவிட்டேன்.

வள்ளம் எழும்பி எழும்பி விழுந்தது. மறந்துபோவேனோ என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாஸ்வேர்டை முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"என்ன தேவாரம் பிள்ளை அது? எனக்கும் சொல்லித் தாருமன்."

"ஏலாது அம்மா."

"சாகப்போற நேரத்திலையும் பெருமையைப் பார்!" என்றார் அவர். கையை மட்டும் விடவில்லை.

தீவுத் துறையில் அக்கா நின்றார். காற்றடித்தால் வாசலுக்கே வராதவர். லப்டொப்பை உரப்பையில் சுற்றிக் குழந்தை போல் அணைத்திருந்தார். கழுத்தில் ரின்னும் மிதப்பும் ஆடின. துறைக் கொட்டகைக்குள் இருந்து தட்டினேன். விரலெல்லாம் கடல் தண்ணீர். முதல் தரம் பிழை. இரண்டாம் தரமும் பிழை.

"கவனம் பிள்ளை!" என்று அலறினார் அக்கா.

மூன்றாம் தரம் திறந்தது. நான் வாசிக்க வாசிக்க அக்கா எழுதினார். அந்த அவசரத்திலும் கார்பன் தாள் வைத்து இரண்டு கொப்பி. ஒன்றை வாங்கிக்கொண்டு விதானையாரும் பெடியளும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் மேற்கே ஓடினார்கள். ஆறுமுகத்தாரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் அவருடைய கொட்டில் நின்ற இடத்தில் கடற்பாசி கிடந்தது.

கடல் அடங்கியதும் பட்டணத்துக்கு ஒரு கொப்பி கொண்டுபோகவேண்டியிருந்தது. அக்காவின் சட்டப்படி நான் காலை வள்ளம், பென்ட்ரைவோடு அக்கா பின்னேர வள்ளம். துறையில் நான் ஏறப்போகையில் அக்கா ஓடிவந்தார். ரின்னிலிருந்து மிதப்பைக் கழற்றி என் கைப்பையின் வாரில் கட்டத் தொடங்கினார்.

"அக்கா, அப்ப பென்ட்ரைவ் தாண்டு போனா?"

"அது போனாப் போகட்டும்." முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார். "அதுக்குக் கொப்பி கிடக்கு. உமக்கு ரெண்டாவது கொப்பி இல்லையெல்லே பிள்ளை."

நான் மாற்றலாகிப் பட்டணத்துக்கு வந்துவிட்டேன். இங்கே வேலைக்குப் போகக் கடல் கடக்கத் தேவையில்லை, வள்ளமும் இல்லை. ஆனாலும் அந்த மிதப்பு என் கைப்பையில்தான் தொங்குகிறது. பஸ்ஸில் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். கழற்றத்தான் எனக்குப் பயமாயிருக்கிறது.