அக்காவின் பீரோவும் என் முடிச்சும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடியோ சீட்டாட்டமோ என்றால் வீட்டில் நாலு திட்டுத் திட்டித் திருத்தியிருப்பார்கள். இது அப்படித் திருத்தக்கூடியது அல்ல. எதைப் பார்த்தாலும் ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்?’ என்று எனக்குத் தோன்றும். தோன்றிவிட்டால் செய்து பார்க்காமல் கை சும்மா இருக்காது.

தோப்பும்படியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. லென்ஸ் மாட்டிய நேரம் போக மீதி நேரம் வாசலில் நின்று லாரிகளைப் பார்ப்பேன். சரக்கை அல்ல, தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கும் கயிற்றை. ஒரு டிரைவர் போட்ட முடிச்சு இன்னொருவருக்கு வராது. இந்த அழகை யாரிடம் சொன்னாலும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதனால் மட்டாஞ்சேரியில் முடிச்சுப் போடுவதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது என்று தெரிந்தபோது, தொலைந்துபோன சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்த மாதிரி ஓடிப்போய்ச் சேர்ந்தேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற டொமினிக் சேட்டன் தலைவர். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்த ரசியா செயலாளர். (தையல் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததாம்.) சனிக்கிழமை தோறும் கூடுவோம். கட்டுவோம், அவிழ்ப்போம், சாயா குடிப்போம், மறுபடியும் கட்டுவோம். சங்கத்துக்கு இரண்டே விதிகள்தான். ஒன்று, போட்டவர்தான் அவிழ்க்க வேண்டும். இரண்டு, எந்தக் காரணம் கொண்டும் கயிற்றை வெட்டக்கூடாது. உள்ளே வருமுன் கத்திரிக்கோலை வாசலிலேயே வைத்துவிட வேண்டும்.

அந்த வருடம் நாங்கள் வீடு மாறினோம். பழைய கிடங்கு ஒன்றைத் தடுத்து வீடாக்கியிருந்தார்கள், எங்களுக்கு மாடிப் பகுதி. மாடிப்படியில் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் ஏற முடியும். இரும்பு பீரோ எப்படி ஏறும்? மாடியில் தெருவைப் பார்த்து ஒரு பெரிய கதவும், அதற்கு மேலே அந்தக் காலத்தில் மூட்டை ஏற்றிய கொக்கியும் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

“ஆள் வேண்டாம்மா. எங்க சங்கமே வந்து ஏத்தும்” என்றேன்.

வீடு மாறும் அன்றைக்கே கோமதி அக்காவுக்கு எர்ணாகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு மணிக்குள் காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். மூன்று வருடம் அலைந்து கிடைத்த வேலை. சான்றிதழ் பைலைக் கையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றுதான் அவள் சொன்னாள்.

“வீடு மாத்துற அமளியில எங்கயாவது போயிரும். பீரோவுக்குள்ள வை. அதைவிடப் பத்திரமான இடம் ஏது?” என்று சொன்ன மேதாவி நான்தான்.

காலையில் சங்கத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். பீரோவைச் சுற்றி நின்று எந்த முடிச்சு உசத்தி என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். ஒத்துவரவில்லை. கடைசியில் ஆளுக்கொரு கயிறு, ஆளுக்கொரு முடிச்சு என்று முடிவானது. என்னையும் சேர்த்து ஆறு முடிச்சு. மற்ற ஐந்து பேரும் தெரிந்த, சோதித்த முடிச்சுகளைப் போட்டார்கள். எனக்கு மட்டும் இரண்டு முடிச்சுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் என்ன ஆகும் என்று தோன்றிவிட்டது. சுமை ஏறினால் சில முடிச்சுகள் இறுகிச் செத்துப்போகும், பிறகு அவிழாது என்று போன மாதம்தான் சங்கத்தில் அரை மணி நேரம் உரையாற்றியிருந்தேன். (கைதட்டு வேறு வாங்கினேன்.)

பீரோ ஒரு கீறல் இல்லாமல் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. தெருவே கைதட்டியது. ஐந்து பேரும் தங்கள் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தார்கள். என்னுடையது அசையவில்லை. மொத்தப் பாரமும் அதன் மேல்தான் விழுந்திருக்கிறது. கயிறோ பீரோவின் இரண்டு கதவுகளையும் குறுக்கே சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது.

நகத்தால் நெம்பினேன். தேங்காய் எண்ணெய் விட்டேன். ரசியா தன் கைப்பையிலிருந்து இடுக்கி எடுத்துக் கொடுத்தார். சூடு பட்டால் இளகுமோ என்று தோன்ற, ஒரு செம்பு வெந்நீரை ஊற்றினேன். அது பருத்திக் கயிறு. தண்ணீர் பட்டதும் ஊதி, கல்லாகிவிட்டது. தண்ணீர் மட்டும் கதவிடுக்கு வழியாக உள்ளே இறங்கியது.

அக்கா பட்டுப் புடவையில் வந்து நின்றாள்.

“எடா சுந்தரா, மணி ஒண்ணு அடிச்சாச்சு. பைலை எடு.”

“ஒரு நிமிஷம் அக்கா.”

“அரை மணியா இதேதான் சொல்றே. இதை யாரு கட்டினது?”

ஐந்து பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

அம்மா சமையல் சாமான் மூட்டையைப் பிரித்து, மீன் வெட்டும் கத்தியை எடுத்து அக்கா கையில் கொடுத்தாள். டொமினிக் சேட்டனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“மோளே, கயறு முறிக்கருது!” என்று, வெட்டாதே என்கிற கெஞ்சலோடு கையைத் தூக்கினார்.

இப்போது நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. பீரோவின் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். கூடப் பிறந்தவளின் வேலை போகப் போகிறது. நான் சொன்னது இது:

“அக்கா, சங்கத்து விதிப்படி வெட்டக்கூடாது.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உன் சங்கத்துல வெட்டக்கூடாதுன்னு கயித்தைத்தானே சொல்லியிருக்கு? ஆளைச் சொல்லலையே?”

நான் நகர்ந்துகொண்டேன். ரொம்ப வேகமாக நகர்ந்தேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

நாலே அறுப்பில் கயிறு விழுந்தது. பைலைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் இறங்கியபோது டொமினிக் சேட்டன் பிராயச்சித்தம் போலத் தன் ஸ்கூட்டரைக் கிளப்பினார். இரண்டடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழின் மூலையில் ஈரம் பட்டு வட்டமாகக் கறை இருந்ததாம். சரிபார்த்த அம்மையார் விரலை வைத்து, “இது என்ன?” என்று கேட்டிருக்கிறார்.

“தம்பி” என்றாளாம் அக்கா.

அவருக்கும் ஒரு தம்பி இருந்திருக்க வேண்டும். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். வேலை கிடைத்தது. அன்று சாயங்காலம் அவள் திரும்பி வரும் வரைக்கும் நான் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. வந்தவள் முதலில் கேட்டது, “அந்த முடிச்சு அவிழ்ந்துதா?” என்றுதான். இல்லை. மூன்று மாதம் என்னைச் சங்கத்திலிருந்து தள்ளி வைத்தார்கள். ஆனால் முடிச்சை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். எங்களில் தாலிக்கு முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் அவன் சகோதரி போட வேண்டும். மேளம் உச்சத்தில் போய்க்கொண்டிருக்க, நான் தாலியைக் கையில் எடுத்தேன். பின்னால் நின்ற அக்கா மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “சாதாரணமாக் கட்டுடா! புதுசா ஒண்ணும் செஞ்சு பார்க்காதே!” என்றாள். முன்வரிசையில் டொமினிக் சேட்டன் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரர் ஒரு நொடி நிறுத்திவிட்டார். மணப்பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

கதை தெரிந்த பிறகு அவள்தான் இதை அதிகம் சொல்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும், சாயாவை நீட்டிக்கொண்டே ஆரம்பித்துவிடுவாள்.

“நாத்தனார் போட்டது ரெண்டும் நல்ல முடிச்சு, எப்ப வேணும்னாலும் அவிழ்த்துக்கலாம். இவர் போட்டது இருக்கே, அது ஒண்ணுதான் இன்னும் என்ன செஞ்சும் அவிழ மாட்டேங்குது.”