எரியாத தோட்டத்துக்கு ஒரு வரைபடம்

நான் கை வைத்த செடி எதுவும் பிழைத்ததில்லை. கள்ளிச்செடியைக்கூடத் தண்ணீர் ஊற்றியே கொன்றிருக்கிறேன். பர் துபாயில் எங்கள் ஃபிளாட்டின் பால்கனிப் பக்கம் நான் நகர்ந்தாலே என் மனைவி வசந்தி துளசித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இப்படிப்பட்ட நான்தான், பாலைவனத்தின் நடுவே ஒரு குடியிருப்பின் தோட்டங்களைத் தீயிலிருந்து காப்பாற்றப் புறப்பட்டேன்.

கொஞ்சம் தகுதியும் இருந்தது. தோட்டம் அமைக்கும் கம்பெனி ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. ரவுண்டானாக்களுக்குப் பூச்செடி வரைவேன். (கம்ப்யூட்டரில் செடி வைப்பது சுலபம். க்ளிக் செய்தால் முளைக்கும். வாடாது.)

வசந்தியின் தோழி கோமதி யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் தவம், அல் ஐன் பக்கம் வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தண்ணீர் நிலையத்தில் டெக்னீஷியன். அங்கேயே குவார்ட்டர்ஸ். மணலோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மல்லிகை என்று ஒரு குட்டி யாழ்ப்பாணத்தையே எழுப்பியிருந்தார் கோமதி. எப்போது போனாலும் டிக்கி நிறையக் கீரையோடு திரும்புவோம்.

அந்தக் கோடையில், பக்கத்துப் பேரீச்சந்தோட்டம் ஒன்று காய்ந்த மட்டையில் தீப்பிடித்து எரிந்தது. யாருக்கும் ஆபத்தில்லை, ஆனால் நிர்வாகம் மிரண்டுவிட்டது. திங்கட்கிழமை சேஃப்டி எஞ்சினியர் வருவார். தோட்டம் தீப்பிடிக்காதபடி இருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் அத்தனை செடியும் வெட்டப்படும் என்று உத்தரவு.

போனில் கோமதி அழாத குறை. "அண்ணை, நீங்கள் தோட்டம் கீறுற ஆள்தானே? ஒருக்கா வந்து பாருங்கோவன்."

கிடைத்த நேரமெல்லாம் காட்டுத்தீ வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். யூகலிப்டஸ் காடுகள், மலைச்சரிவு வீடுகள், நிபுணர்கள். (எதிலும் மணலே இல்லை என்பதை நான் கவனித்திருக்கலாம்.) பிறகு கலர் கலராக ஒரு வரைபடம் போட்டு, லேமினேட் செய்துகொண்டு, சனிக்கிழமை குடும்பத்தோடு போய் இறங்கினேன்.

குவார்ட்டர்ஸ்வாசிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் நீள ஸ்கேலுடன் உலாவினேன். சுவரை ஒட்டிச் செடியே கூடாது, ஜல்லி மட்டும். மரத்துக்கு மரம் இடைவெளி. தாழ்ந்த கிளைகளைக் கழிக்க வேண்டும். காய்ந்த மட்டை ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது. எல்லாமே சரியான யோசனைகள்தான். இன்றைக்கும் எந்தக் கோர்ட்டிலும் வாதாடுவேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம்.

குடியிருப்பைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு வேலி. முழுக்க முழுக்கக் காய்ந்த பேரீச்ச மட்டை.

"இதுதான் முதல் எதிரி. ஒரு பொறி விழுந்தால் போதும்," என்று அதை ஸ்கேலால் தட்டினேன். "எடுத்துவிட்டு இந்த இடத்தில் வரிசையாகக் கற்றாழை."

"வேலி இல்லாட்டி ஆடு மாடு உள்ளுக்கை வராதோ அண்ணை?" என்றார் கோமதி.

"மாடா? பாலைவனத்திலயா?" என்றேன்.

சபையே சிரித்தது. தவம் சிரித்த சிரிப்பில் அவருடைய கண்ணாடி கழன்றது. "இவ இன்னும் ஊரில, கொக்குவில்ல நிக்கிறா," என்றார்.

ஞாயிறு மாலைக்குள் வேலி லாரியேறிப் போய்விட்டது. ஜல்லி பளபளத்தது. முழங்கால் உயரத்துக்குக் கற்றாழை அணிவகுத்தது. "உண்மையா வடிவாத்தான் இருக்கு அண்ணை," என்று கோமதியே சொன்னார். நான் விருது வாங்குகிறவன் போலத் தலையசைத்தேன். எஞ்சினியர் அசந்துபோவதை நேரில் பார்க்கத் திங்கட்கிழமைக்கு லீவும் போட்டிருந்தேன்.

தவம் வீட்டில் படுத்திருந்த எனக்கு விடியற்காலையில் ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது. தவம் பல் தேய்க்கிறார் என்று நினைத்தேன். திரைச்சீலையை விலக்கினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம். நீண்ட இமைகள். தொங்கும் உதடு. வாயில் முருங்கைக் கொப்பு.

ஒட்டகம். அதற்குப் பின்னால் அதன் சுற்றமும் நட்பும். (எண்ணவில்லை. எண்ணும் மனநிலையில் இல்லை.)

கறிவேப்பிலை குச்சியாக நின்றது. வாழையை நாம் கரும்பு கடிப்பதுபோலக் கடித்துக்கொண்டிருந்தன. மல்லிகை இருந்த இடமே தெரியவில்லை. கற்றாழையை மட்டும் ஒன்றும் தொடவில்லை. நான் லுங்கியோடு ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு ஓடி, "யல்லா! யல்லா!" என்று கத்தினேன். (அரபு நாட்டு ஒட்டகத்துக்கு அரபியில் சொன்னால்தானே புரியும்.) ஒன்றும் அசையவில்லை. வாசலில் மாட்டியிருந்த என் வரைபடத்தை ஒரு குட்டி மட்டும் மோந்து பார்த்தது. பிறகு தின்னாமல் விட்டுவிட்டது. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

மேய்ப்பர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "அரே பாயி! செடிக்கு மருந்து அடிச்சிருக்கா? என் ஒட்டகத்துக்கு வயித்துவலி வந்தா என் முதலாளி கஃபீலுக்கு யார் பதில் சொல்றது?" என்று ஹிந்தியில் பாய்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். (எதற்குக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

ஒட்டகங்கள் போன சூட்டோடு எஞ்சினியர் வந்தார். எகிப்துக்காரர். ஜல்லியில் நடந்தார். குச்சிகளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"தமாம்! மாஃபி ஃபயர்! கலாஸ்!" என்று என் முதுகில் தட்டினார். (பிரமாதம், தீயே பிடிக்காது, வேலை முடிந்தது என்று அர்த்தம்.) மற்ற கேம்ப்களிலும் இதே டிசைனைச் செய்ய முடியுமா என்று வேறு கேட்டார். தோட்டம் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டது. தோட்டம்தான் இல்லை.

இப்போதெல்லாம் வீட்டில் நான் சொட்டுகிற குழாயைச் சரிசெய்ய எழுந்தாலும் சரி, மகளின் ரெசிடென்ட் விசா விஷயமாகப் போனை எடுத்தாலும் சரி, வசந்தியும் மகளும் யாழ்ப்பாணத் தமிழில் ஒரே குரலில் ஒரு வசனம் சொல்வார்கள். அது அன்று விடைபெறும்போது பிறந்தது. காரில் ஏறுமுன் எதையாவது சொல்லித் தேற்றவேண்டுமே என்று, "கவலைப்படாதீங்க கோமதி. செடிதானே, திரும்ப வளரும்," என்றேன்.

கோமதி வெறும் ஜல்லியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஓம் அண்ணை, வளரும்," என்றார். "நீங்கள் வராட்டி வளரும்."