ஷரத்து அண்ணாச்சி அமுக்காத பொத்தான்

செல்போன் கம்பெனிக்காரன் ‘விதிமுறைகளும் நிபந்தனைகளும்’ என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறான் இல்லையா, அதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்த மனுஷர் இந்தப் பூமியில் ஒருத்தர்தான். அவர் சங்கரன்கோவிலில் இருந்தார். எழுதினவனே அதை முழுசாகப் படித்திருப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஊரில் அவருக்கு ஷரத்து அண்ணாச்சி என்று பெயர். பத்திர ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். கையெழுத்துப் போட யாராவது பேனாவைத் திறந்தால் அவன் கையைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு ஷரத்தாக வாசித்துக் காட்டின பிறகுதான் விடுவார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று, பத்திரம் பதிய வந்த பார்ட்டிக்காரர்கள் கெஞ்சுவார்கள். “நல்ல நேரம் நாளைக்கும் வரும்வே. நெலம் போனா வருமா?” என்பார்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். அந்த ஆபீசுக்கு எதிரே செல் கடையில் ரீசார்ஜ் போடவும் போன் திரைக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டவும் இருக்கிறேன். அவருக்கு டச் போன் விற்றது நான்தான். அந்தப் பாவத்துக்குத்தான் பின்னால் நடந்த இத்தனையும்.

அவர் போன் வாங்கக் காரணம் ஒன்றே ஒன்று. மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் சுகந்தி அக்கா, அயர்லாந்தில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பேத்தியை வீடியோ காலில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பெட்டியைப் பிரித்து ஆன் செய்து நீட்டினேன். ‘வரவேற்கிறோம்’ என்று வந்தது. அடுத்து ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு நீலப் பொத்தான் வந்தது.

“இதை அமுக்குங்க அண்ணாச்சி.”

“எதை ஒப்புக்கிடுதேன்?”

“சும்மா அமுக்குங்க. எல்லாரும் அமுக்குததுதான்.”

“எல்லாரும் அமுக்கினா எல்லாரும் படிச்சிருப்பாவ. நீயும் அமுக்கியிருப்பேல்லா? என்ன எழுதியிருக்கு, சொல்லு பாப்போம்.”

நான் முழித்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர் எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை.

உண்மையாகவே எட்டு மாதம் அந்த போன் ‘வரவேற்கிறோம்’ என்ற இடத்தைத் தாண்டி ஒரு அடி உள்ளே போகவில்லை. தினமும் சார்ஜ் போட்டு, உறை மாட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். ஆபீஸ் திறக்கும் வரை எங்கள் கடையில் உட்கார்ந்து, அதில் இருப்பதை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டு, சிவப்புப் பேனாவால் ஆட்சேபணை குறிப்பார். பேசுவதற்குப் பழைய பட்டன் போன். “இது எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. நானும் இதுகிட்ட ஒண்ணும் கேக்கல. மரியாதை தெரிஞ்ச சாமான்” என்று அதைத் தடவிக் கொடுப்பார்.

ஒரு நாள், “ஏட்டி மாரி, நான் எங்கன இருக்கேன்னு இவன் தெரிஞ்சிக்கிடணுமாம். எதுக்கு? கல்யாணப் பத்திரிகை வைக்க வாரானா?” என்றார்.

இன்னொரு நாள் காலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாய்ந்து வந்தார். “கேட்டியா அநியாயத்தை! ‘இந்த நிபந்தனைகளை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்’ங்கான். கையெழுத்த வாங்கிக்கிட்டு அப்புறமா பத்திரத்தைத் திருத்துவானாம்! எதுத்தாப்புல ஆபீஸ்ல எவனாவது இதைச் செஞ்சா போலீஸ் ஜீப்பு வரும். இவன் செஞ்சா அதுக்குப் பேரு சாப்ட்வேரு!”

“அண்ணாச்சி, கேமராவத் தொறக்க அனுமதி கேட்டா கேட்டுட்டுப் போறான். கம்பெனிக்காரன் உங்க மூஞ்சிய எடுத்து வச்சு என்ன செய்யப் போறான்?”

“அப்படிச் சொல்லாத. இந்த மூஞ்சிக்கு மூணு எடத்துல பொண்ணு குடுக்க வந்தாவ.”

கடையில் ரீசார்ஜுக்கு நிற்கிறவர்களையும் விடமாட்டார். “ஒரு சென்ட் நெலம்னா வில்லங்கம் பாக்கிய, தாய்ப்பத்திரம் கேக்கிய, நாலு எல்லையையும் அளக்கிய. ஒங்களையே எழுதிக் குடுக்கும்போது மட்டும் கண்ண மூடிக்கிட்டு பெருவெரல வைக்கிய. எழுதப் படிக்கத் தெரியாம நம்ம பாட்டன் கைநாட்டு வச்சான். நீங்க எம்.ஏ. படிச்சிட்டு வைக்கிய!” என்பார். எம்.ஏ. படித்தவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். எங்கள் முதலாளி கடையநல்லூர்க்காரர், வாரத்தில் இரண்டு நாள் வருவார். அவர் என்னிடம், “இவரு நமக்கு கஸ்டமரா, இல்ல எதிர்க்கடைக்காரன் அனுப்புன ஆளாம்மா?” என்று கேட்டார்.

இருபத்தி மூன்றாவது ஷரத்தில்தான் பெரிய கூத்து. ‘உங்கள் தொடர்புகளை அணுகலாம்’ என்று இருந்ததாம். அண்ணாச்சி நோட்டை மூடிவிட்டார்.

“என் நம்பரை நான் குடுக்கலாம். பனவடலிசத்திரம் வேலுச்சாமி நம்பரை நான் எப்படிட்டி எழுதிக் குடுக்க முடியும்? அடுத்தவன் நெலத்தை நான் விக்கதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

அதனால் என்ன செய்தார் தெரியுமா? அவருடைய டைரியில் நம்பர் உள்ள அத்தனை பேரிடமும் ஆட்சேபணையின்மைக் கடிதம் வாங்கக் கிளம்பினார். ‘மேற்படி நபர் தமது கைபேசியில் எனது எண்ணை வைத்துக்கொள்வதிலும், அதனை மேற்படி கம்பெனியார் பார்வையிடுவதிலும் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை’ என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. பால்காரர் போட்டார். தறிக்காரர் போட்டார். பூக்கடைக்காரர், “எதுன்னாலும் ஒங்க எழுத்துல்லா அண்ணாச்சி” என்று படிக்காமலே போட்டார். அந்தக் கடிதத்தை அங்கேயே கிழித்துவிட்டு, வேறு கொடுத்து, படிக்க வைத்து வாங்கினார்.

வேலுச்சாமியைப் பார்க்க பஸ் ஏறிப் போனார். பத்திரக்காரர் வீடு தேடி வந்து கையெழுத்துக் கேட்டால் ஒரு விவசாயி என்ன நினைப்பார்? “எங்க பங்காளி அனுப்புனானா ஒங்கள? நான் உசுரோட இருக்கவரைக்கும் கெணத்துப் பங்கை விடமாட்டேன்!” என்று மண்வெட்டியைத் தூக்கிவிட்டாராம். அண்ணாச்சி திரும்பி வந்து, அந்த ஒரு நம்பரை டைரியில் கோடு போட்டு அடித்தார். முகத்தில் வருத்தமே இல்லை. “ஊருக்குள்ள ஒருத்தனாவது வெவரமா இருக்கான்” என்றார்.

இத்தனைக்கும் நடுவில் குழந்தை வளர்ந்துகொண்டே இருந்தது. குப்புற விழுந்தாள். உட்கார்ந்தாள். சுகந்தி அக்கா என் போனுக்கு வீடியோ அனுப்புவாள். “அண்ணாச்சி, இதுல பாருங்க” என்று நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“அடுத்தவன் வீட்டு வயர்ல கொக்கி போட்டுக் கரண்டு எடுக்க மாதிரிட்டி அது. எம் பேத்திய நான் எம் பேருல பாக்கணும்.”

ஆனால் திருப்பிக்கொண்ட முகம் ஓரக்கண்ணால் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஒரு தடவை அக்கா என் போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அப்பா, நான் வேலை பாக்கிற கம்பெனியிலயும் இப்படித்தான்ப்பா எழுதி வச்சிருக்கோம். யாரும் படிக்க மாட்டாங்க.”

“படிக்க மாட்டாவன்னு தெரிஞ்சும் ஏம்மா அம்புட்டு நீளத்துக்கு எழுதுதிய?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சியே பதிலும் சொன்னார்.

“நான் சொல்லுதேன். யாரும் படிச்சிரக் கூடாதுன்னுதான் அம்புட்டு நீளம். இதுக்காம்மா உன்னைப் படிக்க வச்சேன்?”

அந்தப் பக்கம் அக்கா அழுதாள். “ஒரு பொத்தான்ப்பா. ஒரே ஒரு பொத்தான். எம் பிள்ளை மொகத்தைவிட அது பெருசா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அண்ணாச்சி நோட்டைத் திறந்தார். சிவப்புப் பேனா பேப்பரிலேயே நின்றது, நகரவில்லை.

மறுவாரம் பத்திர ஆபீசில் கரண்ட் இல்லை. போனை எங்கள் கடையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து அக்கா எனக்கு மெசேஜ் அனுப்பினாள். ‘பாப்பா எழுந்து நிக்கிறா மாரி. அப்பா எங்க?’

நான் அழுத்திவிட்டேன்.

யோசிக்கவே இல்லை. எட்டு மாதம் பூட்டிக் கிடந்த போன் ஒரு விநாடியில் திறந்துகொண்டது. அக்கா நம்பரைப் போட்டு, வீடியோ கால் ஆப்பை ஏற்றிக் கூப்பிட்டு, அண்ணாச்சி வந்ததும் கையில் கொடுத்தேன். ஒரு கையில் டீ, ஒரு கையில் பேத்தி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளை இவரைப் பார்த்ததும் போனைப் பிடுங்கி நக்கியது. அங்கே திரை முழுக்க எச்சில். இங்கே இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மாட்டுகிறார், மறுபடி துடைக்கிறார். “எங்கம்மா மூக்குட்டி! அப்படியே எங்கம்மா மூக்கு!” என்று ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். டீ ஆடை கட்டிவிட்டது.

மறுநாள் காலையில் வந்தார். உட்காரவில்லை.

“ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். நான் ஒப்புக்கிடலையே, பொறவு எப்படித் தெறந்துச்சு?”

“நாந்தான் அமுக்கினேன் அண்ணாச்சி.”

“படிச்சியா?”

“இல்ல.”

“எம் பேருல, நான் இல்லாத நேரத்துல, நீ ஒப்புதல் குடுத்திருக்க. இதுக்கு எங்க ஆபீஸ்ல என்ன பேரு தெரியுமா? ஆள்மாறாட்டம்.” சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். “எல்லாத்தையும் அழிச்சிரு. பழையபடி ஆக்கு.”

“பாப்பாவப் பாக்க முடியாதே அண்ணாச்சி.”

“தெரியும். அழி.”

அழித்தேன். போன் மறுபடியும் ‘வரவேற்கிறோம்’ என்றது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான். பதினோரு நாள் ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை. எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது தெரியும். நான் பார்த்தால் குனிந்துகொள்வார். அந்தப் பதினோரு நாளில் எத்தனை டெம்பர் கிளாசைக் கோணலாக ஒட்டினேன் என்று முதலாளிக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் ஒரு முத்திரைத்தாளோடு வந்தார். கனைத்துவிட்டு வாசித்தார்.

“சங்கரன்கோவில் டவுனில் வசிக்கும் நான், சுயநினைவுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக்கொடுக்கும் பொது அதிகாரப் பத்திரம் என்னவென்றால், எனக்குச் சொந்தமான கைபேசியில் கம்பெனிகள் கேட்கும் சகலவிதமான ஒப்புதல் பொத்தான்களையும் எனக்குப் பதிலாக அழுத்துவதற்கு மாரியம்மாள் ஆகிய தங்களுக்கு முழு அதிகாரம் அளிக்கிறேன். தாங்கள் அழுத்தியதை நானே அழுத்தியதாக ஏற்றுக்கொள்கிறேன்.”

என் பெயரை ஒரு பத்திரத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

“அந்தப் பிள்ளை மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குதுட்டி” என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “நான் அமுக்க மாட்டேன். என்னால முடியாது. நீ அமுக்கு.”

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். டீ மாஸ்டர் ஒருத்தர். ரீசார்ஜுக்கு வந்த ஒரு அக்கா, “எங்க போடணும்?” என்று பேனாவை வாங்கினாள். “படிக்காமலா?” என்று அவளையும் உட்கார வைத்துவிட்டார். அவள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள், அவள் ஏற வேண்டிய இளையரசனேந்தல் பஸ் போய்விட்டது. பத்திரத்தைப் பதிந்து தரச் சொல்லி ஆபீசில் கேட்டாராம். சார்பதிவாளர் எழுந்து நின்று கும்பிட்டு அனுப்பிவிட்டாராம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்றால் கடை ஸ்டூல் அவருக்குத்தான். அந்த போனில் எது கேட்டாலும் என்னிடம் நீட்டுவார், நான் அழுத்துவேன். “படிச்சியா?” “பவர் பத்திரம் இருக்குல்லா!” திட்டுவார். பாப்பா அங்கே ‘தா, தா’ என்று சத்தம் போடும். அதைத் தாத்தா என்று இவர் எடுத்துக்கொள்வார். பிஸ்கட் கேட்கிறது என்று அக்கா சொன்னால் மகள் பேச்சை மட்டும் ஆட்சேபிப்பார்.

பாப்பா நடக்கப் பழகின பிறகு, ஒரு புதன்கிழமை காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

அக்கா தனியாக வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. திரும்பிப் போகும்போது போனை என் கையில் வைத்து, “நீயே வச்சுக்கோ மாரி, இதுல ஒனக்குத்தான் உரிமை” என்றாள். பக்கத்தில் இருந்த இன்னொரு பத்திர எழுத்தர், துக்க வீடு என்றும் பார்க்காமல் திருத்தினார். “எழுதிக் குடுத்தவர் இறந்துட்டா பவரும் செத்துரும்மா. அதுதான் சட்டம்.”

போன ஞாயிறு ஆறு மணிக்கு அக்கா மெசேஜ் அனுப்பினாள். பாப்பா அவளாகவே போனைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாளாம், நகரமாட்டேன் என்கிறாளாம். நான் அண்ணாச்சி போனைத் திறந்தேன். ‘எங்கள் விதிமுறைகள் மாறியிருக்கின்றன, ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று கேட்டது. எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் படிக்க ஆரம்பித்தேன். ஒன்றரைப் பக்கம் படித்திருப்பேன், புரியவும் இல்லை. பிள்ளை அழுகிறாள் என்று மறுபடி மெசேஜ் வந்தது.

அழுத்தினேன். திரையில் என் முகத்தைப் பார்த்ததும் பாப்பா அழுகையை நிறுத்தினாள். என் தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

செத்துப்போன பவரை வைத்து அழுத்தியது சுத்தமான ஆள்மாறாட்டம். அண்ணாச்சிக்குத் தெரிந்தால் என் மேல் கேஸ் போட்டிருப்பார். வந்து போடட்டும் என்றுதான் இன்றைக்குக் காலையிலிருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.