பைக் என்றால் சைக்கிளாம், அக்கா

அன்பும் அதைவிடப் பொறுமையும் உள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன், நீ நம்ப வேண்டியதில்லை. அங்கே உன் முழங்காலும் அத்தானின் இருமலும் எப்படி?

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பீரோ மேல் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். இரண்டு நாளாக என்னால் உட்கார முடியவில்லை. எந்த இடத்தில் வலி என்பது கீழே வரும், அத்தானுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் தாண்டிவிடு. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்த வீட்டில் நான் போனை எடுத்தாலே அம்மாவும் மகளும் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள்.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. ஸ்கேன் சென்டரில் வேலை நிரந்தரமானதும் உன் மருமகள் வந்து, “அப்பா, நான் ஒரு ரோடு பைக் வாங்கப் போறேன்” என்றாள். பைக் என்றால் உனக்கும் எனக்கும் என்ன அர்த்தம்? புகை, உறுமல், பெட்ரோல். மூன்று வாரம் போராடினேன் அக்கா. பேசாமல் இருந்து பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன் (ஒரு வேளைதான்). நான்காவது வாரம் அவள் போனில் படத்தைக் காட்டினாள். பார்த்தால் சைக்கிள்! மிதிக்கிற சைக்கிள்! “அட, இதுக்கா இத்தனை கலாட்டா? சைக்கிள்னு முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நாளைக்கே வாங்கும்மா!” என்று, அவள் அம்மாவைச் சாட்சி வைத்துக்கொண்டு என் வாயாலேயே சொன்னேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன் நான். கேள்வியை முழுசாகப் படிக்காமல் பதில் எழுதுகிற புத்தி இன்னும் போகவில்லை. தெருமுனைக் கடைக்குப் போய்வருவாள் என்று நினைத்தேன். அவள் வேலைக்கே அதில்தான் போவாளாம். பதினான்கு கிலோமீட்டர். நடுவில் இரண்டு மேம்பாலம், ஒரு சுரங்கப்பாதை, லாரிகள் திரும்புகிற அந்த ரவுண்டானா. “பஸ்ல ஒண்ணரை மணி நேரம்ப்பா. இதுல நாப்பத்தஞ்சு நிமிஷம்” என்கிறாள். அந்த நாற்பத்தைந்து நிமிஷம் எனக்கு எவ்வளவு நீளம் என்று அவளுக்கு யார் சொல்வது?

வண்டி வந்தது. ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, பெல் இல்லை, மட்கார்டு இல்லை. டயர் என் சுண்டுவிரல் தடிமன். கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, மீதியெல்லாம் எப்ப வரும்?” என்று கேட்டேன். “மீதின்னா?” என்றார். வரிசையாகச் சொன்னேன். “சார், அதெல்லாம் இல்லாம இருக்கறதுக்குத்தான் சார் இந்த வண்டி” என்றார். ஸ்டாண்டு இல்லாததால் அதற்கு நிற்கத் தெரியாது, சாயத்தான் தெரியும். கூடத்தில் நான் சாய்ந்து உட்காருகிற சுவரில் இப்போது அது சாய்ந்திருக்கிறது. “அப்படி ஓரமா உக்காருங்களேன், பெயிண்ட்ல உங்க தலை எண்ணெய் படும்” என்கிறாள் இவள். சுவர் பெயிண்டைச் சொல்லவில்லை அக்கா, சைக்கிள் பெயிண்டை.

பெல்லாவது இருக்கட்டும் என்று, வேலை செய்கிற இடத்திலிருந்து தண்ணீர் மீட்டர் மாட்டுகிற பழைய கிளாம்ப் ஒன்றைக் கொண்டுவந்து, அவளுக்குத் தெரியாமல் ஒரு பெல்லை முறுக்கி வைத்தேன். ஓடாத மீட்டர்களை இருபத்தாறு வருஷமாக ஓடவைக்கிறவன், ஒரு பெல்லை அடிக்கவைக்க முடியாதா? அடித்தது. நிறுத்தத்தான் முடியவில்லை. பதினான்கு கிலோமீட்டரும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் தானாகவே அடித்திருக்கிறது. சாயங்காலம் வந்து, “அப்பா, இன்னைக்கு ரோட்டுல எல்லாரும் எனக்கு வழி விட்டாங்க. ரெண்டு பேரு ஐஸ் கேட்டாங்க” என்றாள்.

சரி, இது ஆபத்தான வண்டி என்று நானே ஓட்டிக் காட்டி நிரூபிக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறினேன். இதுதான் அத்தானுக்குப் படிக்காமல் தாண்ட வேண்டிய இடம். அந்த சீட்டு இருக்கிறதே, அதைச் செய்தவன் மனிதன் எதன்மேல் உட்காருகிறான் என்பதைப் பார்த்ததே இல்லை. ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்து கீழே போகிறது. குனிந்தால் முன் சக்கரம் மட்டும் தெரிகிறது, நிமிர்ந்தால் பிரேக் எட்டவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தபோதுதான் எனக்குக் கால் தரையைத் தொடாது என்பது தெரியவந்தது. பக்கத்தில் நின்ற வேனின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். டிரைவரைப் பார்த்துச் சிரித்தும் வைத்தேன். பச்சை விழுந்தது. வேன் கிளம்பியது. நானும் கிளம்பினேன். “பெரியவரே! கூடவே வர்றதா இருந்தா உள்ள ஏறிக்கங்க!” என்று அவர் கத்த, நான் கையை விட, அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் நின்றுகொண்டு எழுதுவதற்குக் காரணம். வீட்டுக்கு நொண்டிக்கொண்டே உருட்டி வந்தால், “ஐயோ, அதுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டாள் உன் தம்பி பெண்டாட்டி. அதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதையெல்லாம்கூடச் சிரித்துத் தள்ளிவிடுவேன். போன வாரம் நடந்ததுதான் தாங்கவில்லை. வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் “சேந்துட்டேன்” என்று எனக்கு மெசேஜ் அனுப்புவாள். எட்டு மணிக்கு வந்துவிடும். அது வருகிறவரை என் மேஜையில் எந்த மீட்டரின் கணக்கும் சரியாக வராது. “அண்ணே, உங்க முள்ளு நின்னுபோச்சா?” என்று பக்கத்து மேஜைக்காரன் கிண்டல் செய்வான். அன்றைக்கு எட்டே கால் ஆகியும் வரவில்லை. எட்டரைக்கும் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால் அந்த ரவுண்டானாவும் அந்த லாரிகளும். ஸ்கேன் சென்டருக்கே போன் செய்து, “அவசரம், உடனே கூப்பிடுங்க” என்றேன். யாருக்கோ ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தவள், கையில் ஜெல்லோடு ஓடி வந்திருக்கிறாள். “அப்பா! அம்மாவுக்கு என்னாச்சு?” அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். “ஒண்ணுமில்லம்மா. நீ சேந்துட்டியான்னுதான்...” என்றேன்.

அன்று இரவு அவள் என்னிடம் கோபப்படவே இல்லை, அதுதான் கொடுமை. நிதானமாகச் சொன்னாள்: “இனிமே ‘சேந்துட்டேன்’னு அனுப்ப மாட்டேம்ப்பா. மெசேஜ் வரலன்னா சேந்துட்டேன்னு அர்த்தம். சரியா?” சரி என்று தலையாட்டினேன். இப்போது தினமும் எட்டு மணிக்கு என் போனில் ஒன்றுமே வருவதில்லை. அந்த ஒன்றுமில்லாததையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் வராததில் நல்லது எது, கெட்டது எது என்று எப்படி அக்கா கண்டுபிடிப்பது?

ஆகையால் உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். இந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது. அவள் கேட்பது உன் ஒருத்தி பேச்சைத்தான். இந்தக் கடிதம் கண்டதும் போன் போட்டு, அந்த வண்டியை விற்றுவிடச் சொல். நான் எழுதியதாகச் சொல்லாதே. உனக்கே தோன்றியதாகச் சொல். அத்தைக்கு மனசு சரியில்லை என்று சொன்னால் போதும், மறுபேச்சுப் பேச மாட்டாள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, தரையில் கால் ஊன்றி நடக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் தம்பி, நின்றபடி

பி.கு.: போன் போடாதே. நேற்று ஒட்டிய உறையைப் பிரித்து, வேலைக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அரை மணி நேரமாக மேம்பாலத்தின் கீழே நிற்கிறோம், அசையவில்லை. இப்போதுதான், பஸ்ஸுக்கும் ஒரு லாரிக்கும் நடுவில் அவள் வந்தாள். என் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு காலை ஊன்றி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. லாரி அவள் பக்கமாகத் திரும்ப முயன்றது. இவள் அண்ணாந்து டிரைவரின் கண்ணைப் பார்த்து, ஒரு கையை லேசாக உயர்த்தினாள், அவ்வளவுதான். அவ்வளவு பெரிய லாரி நின்றது. டிரைவர் தலையை ஆட்டி, போம்மா என்றார். போய்விட்டாள். பயம் போய்விட்டது என்று நினைக்காதே, அது அப்படியேதான் இருக்கிறது. என் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள், “யாரு பெத்த பொண்ணோ, இப்படிப் போகுது!” என்றார். “அதாவது போகுதே, நாம எங்கம்மா போறோம்?” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. “நான் பெத்ததும்மா” என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.